அசரியா: எடின்பரோ உரைக்கு அப்பால்

பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியாவைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் 1910-ஆம் ஆண்டு எடின்பரோ மாநாட்டிலேயே உச்சம் காண்கின்றன. வெள்ளைக்கார மிஷனரிகள் பொருளும் உழைப்பும் தந்தார்கள், நட்பைத் தரவில்லை என்று அவர்கள் முன்னிலையிலேயே அவர் பேசியது துணிச்சல்தான். ஆனால் அதோடு நின்றுவிடும் வரலாறு பாதி வரலாறு.

அசரியா 1874-இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ. பணியில் இருந்தபோது 1902-இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசில் வெளியிடங்களுக்கு ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். மறு ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. பணம், ஆள், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையவை. தலைமை மாற்றத்தை ஆராயும் மாணவர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மேடைப் பேச்சு பிறகு வந்தது.

1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில் அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அருட்பொழிவு பெற்றார். பொறுப்பு தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல். அங்கே திரளாகச் சபையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள். அவர்களுக்குத் தமிழரான இவரும் வேற்றாள்தான். (சுதேசத் தலைமை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.) தெலுங்கு கற்று, மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சுற்றினார். ஞானஸ்நானம் பெறுபவர் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, நற்செய்தியை அறிவிக்காவிட்டால் தமக்குக் கேடு என்று சொல்லும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். எழுத்தறியாத கூலியாளும் அன்றைக்கே ஊழியர் ஆனார். எடின்பரோ உரையைவிடப் பெரிய காரியம் இது என்பேன்.

கூட்டமாக மதம் மாறுவதைக் காந்தி ஏற்கவில்லை. அசரியா இறுதிவரை தம் நிலையில் நின்றார். எனினும் மாலா, மாதிகா பூசல் சபைக்குள்ளும் தொடர்ந்தது. புகழ்மாலைக் கட்டுரைகள் இதைத் தொடுவதில்லை.

இன்னொன்றையும் அவை தொடுவதில்லை. 1945 ஜனவரி 1-இல் அவர் இறக்கும்வரை, 32 ஆண்டுகளாக, ஒரு திருமண்டலத்தை முழுப்பொறுப்பில் ஆண்ட இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் அவர் ஒருவரே. உதவிப் பேராயர் பதவிக்கு மேல் வேறு எந்த இந்தியரையும் உயர்த்தவில்லை. ‘முதல் இந்தியப் பேராயர்’ என்று பெருமையாக எழுதுகிறவர்கள், இரண்டாமவர் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கலாம். அவரோடு உழைத்த கிராம உபதேசியார்களின் பெயர்களையாவது தேடியிருக்கலாம்.