கார் திருட்டுக்கு எதிராக: ஜிபிஎஸ் டிராக்கரும் கியர் லாக்கும்

காருக்கு ஜிபிஎஸ் டிராக்கர் வாங்கப் போகிறீர்கள் என்றால், ஓபிடி சாக்கெட்டில் செருகும் வகையைத் தொடவே வேண்டாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் அந்த சாக்கெட் திருடனுக்கு நன்றாகத் தெரிந்த இடம். காரின் கம்ப்யூட்டரில் புதுச் சாவியைப் பதிவு செய்யத் தன் கருவியை அவன் செருகுவதே அங்கேதான். அங்கே ஏற்கெனவே ஒரு டிராக்கர் இருந்தால், முதல் வேலையாக அதைப் பிடுங்கி எறிவான்.

என் பெட்ரோல் ஸ்விஃப்ட்டில் நான் போட்டிருப்பது வயரிங் வகை. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. உள்ளே ஒரு சிம், ஒரு குட்டி பேட்டரி. வெளியே நான்கு வயர்: கார் பேட்டரிக்கு, எர்த்துக்கு, இக்னிஷன் போட்டதை அறிய, ரிலேக்கு. பொருத்தியவர் ஃபியூஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே டேப் சுற்றி முடிக்கப் பார்த்தார். "உள்ள வைக்கணும்னா டேஷ்போர்டைக் கழட்டணும் சார், நேரம் ஆகும்" என்றார். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, கழற்றச் சொல்லுங்கள். பிளாஸ்டிக்குக்கு அடியில் இருந்தாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். இரும்புத் தகடு மறைத்தால்தான் சிக்னல் போய்விடும்.

கவனமாகப் பார்க்க வேண்டியது ரிலேயை. பெட்ரோல் பம்புக்குப் போகும் வயரை வெட்டி, நடுவில் இதைச் சேர்க்கிறார்கள். அடியில் 30, 85, 86, 87, 87ஏ என்று ஐந்து கால்கள். 30-க்கும் 87ஏ-க்கும் வயர் கொடுத்தால், சாதாரண நேரத்தில் பம்பு ஓடும். டிராக்கரின் போன் ஆப்பில் நிறுத்தச் சொல்லும்போது மட்டும் மின்சாரம் அறுபடும். டிராக்கர் கெட்டுப்போனாலும் நெடுஞ்சாலையில் கார் நின்றுவிடாது. அதனால் இப்படித்தான் கொடுக்க வேண்டும். ஆனால் இதிலேயே ஓர் ஓட்டையும் இருக்கிறது. திருடன் டிராக்கரைக் கண்டுபிடித்துப் பிடுங்கிவிட்டால் ரிலே பழைய நிலைக்குத் திரும்பிவிடும், கார் மறுபடி கிளம்பும். டேஷ்போர்டைக் கழற்றச் சொல்வது இதற்காகத்தான்.

காலி மைதானத்தில் எஞ்சினை ஓடவிட்டு, ஆப்பில் நிறுத்தும் பட்டனை அழுத்தினேன். டேஷ்போர்டுக்குள் 'டிக்' என்று சின்னச் சத்தம். எஞ்சின் உடனே நிற்கவில்லை. குழாயில் மிச்சமிருந்த பெட்ரோலில் சில நொடிகள் ஓடி, திணறி, அடங்கியது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. ஓடும் காரில் இதைச் செய்து பார்க்காதீர்கள். எஞ்சின் அணைந்தால் ஸ்டீயரிங் இறுகிவிடும். ஓரிரு தடவை மிதித்ததும் பிரேக்கும் கல்லாகிவிடும். வேகம் குறையும்வரை பொறுத்திருந்து நிறுத்தும் கருவிகள் இருக்கின்றன. அந்த வசதி இல்லாததை வாங்க வேண்டாம்.

ஆப் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. பேட்டரி டெர்மினலைக் கழற்றியதும் போனுக்கு எச்சரிக்கை வந்தது. ஆனால் வணிக வளாகத்தின் பேஸ்மென்ட்டில் நிறுத்தினால், வரைபடத்தில் கார் நுழைவாயிலிலேயே நிற்கிறது. இதைவிடப் பெரிய குறை, இரவு இரண்டு மணிக்கு வரும் எச்சரிக்கைக்கு நாம் விழிக்க வேண்டும் என்பது. கார் நகரத் தொடங்கிய பிறகுதான் டிராக்கருக்கு வேலையே வருகிறது.

அதனால் கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நான் கியர் லாக்கைத்தான் சொல்வேன். கியர் ராடை ரிவர்ஸில் வைத்துப் பூட்டும் எஃகுக் கம்பி அது. அதன் பிராக்கெட்டை முறுக்கியதும் போல்ட்டின் தலை ஒடிந்து விழுந்துவிடும் வகையைக் கேட்டு வாங்குங்கள்; பிறகு ஸ்பேனரை வைக்கப் பிடிமானம் இருக்காது. புதுச் சாவியைப் பதிவு செய்துவிட்டவனும் இந்த எஃகை அறுத்தாக வேண்டும். அதற்கு நேரம் ஆகும், சத்தமும் வரும். அமெரிக்காவில், சரியான சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளம்ப விடாத இம்மொபிலைசர் இல்லாமல் விற்ற கார்கள் வரிசையாகத் திருடுபோனபோது, ஹூண்டாயும் கியாவும் 2023-இல் சாஃப்ட்வேரைத் திருத்தியதோடு நிற்கவில்லை; ஸ்டீயரிங் பூட்டுகளையும் இலவசமாகக் கொடுத்தன.

பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் ஆபத்து வேறு மாதிரி. வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை வாசலில் நின்றே பிடித்து, கார் பக்கத்தில் நிற்கும் கூட்டாளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். சிக்னலைத் தடுக்கும் பை கடைகளில் கிடைக்கிறது. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கார் அருகில் நின்று கைப்பிடி பட்டனை அழுத்துங்கள். கதவு திறந்தால் பையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஆப்பிள் ஏர்டேக்கை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பின் தெரியாத ஏர்டேக் ஒன்று கூடவே வருகிறது என்று திருடனின் போனுக்கே அது தகவல் சொல்லிவிடும்.

டிராக்கர் வாங்குமுன் கடைக்காரரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். முதலாவது, சிம் எந்தத் தலைமுறை. ஜியோவில் 2ஜி சேவையே கிடையாது, ஆகவே 4ஜி கருவியாகவே கேட்டு வாங்குங்கள். முதல் வருடச் சந்தா முடிந்ததும் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் அப்போதே பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள்.