கூலி எழுதிய கல்

திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலைக்கு ஏற்பட்ட நிவந்தங்களைச் சொல்வது. சோழர் பெருமை பேசுகிறவர்கள் விடாமல் எடுத்துக்காட்டுகிற கல் இது. எனக்கு அதில் வேறொன்று படுகிறது. வைத்தியருக்குப் பெயர் உண்டு. மூலிகையும் விறகும் கொண்டுவருகிற இருவருக்குப் பெயர் இல்லை. ஆனால் அவர்களுடைய கூலி எழுதப்பட்டிருக்கிறது. அந்த இருவரும் இருளர்தான் என்று சொல்லிவிடக் கை துறுதுறுக்கிறது. சொல்ல மாட்டேன். ஆதாரமில்லாத பெருமைகள் நம்மிடம் ஏற்கெனவே அதிகம்.

இந்தக் கல்லோடு சேர்த்து நான் பார்ப்பது 2019 ஜூலையில் பத்திரிகைகளில் வந்த ஒரு புகைப்படத்தை. காஞ்சிபுரத்தை அடுத்த மரம் வெட்டும் இடங்களிலிருந்து கொத்தடிமைகளாயிருந்த இருளர் குடும்பங்களை மீட்ட அன்று, முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுகிறார். உருகாதவர் இல்லை. அந்த உருக்கத்தின் மீதுதான் எனக்குச் சந்தேகம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். 43 வருஷமாக அரசு வைத்திருந்த பாக்கி அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது. பாக்கி வர வேண்டியவர் அதைக் கொண்டுவந்தவர் காலில் விழுகிறார், நாம் கண் கலங்குகிறோம். அரசுச் செய்திக் குறிப்புகளில் பட்டாவானாலும் சாதிச் சான்றானாலும் வினைச்சொல் ‘வழங்கினார்’தான். நிவந்தக் கல்வெட்டின் தொனி அப்படியே இருக்கிறது, எழுதப்பட்ட கூலியைத்தான் காணோம். 2006 வன உரிமைச் சட்டம், நடந்தது சரித்திர அநீதி என்று முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. உரிமையை ‘அங்கீகரிப்பது’ என்கிறது, வழங்குவது என்றல்ல. நல்ல பிரயோகம். ஆனால் அது வனத்தில் இருப்பவருக்கு. ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருக்கும் சமவெளி இருளருக்கு அதில் அநேகமாக இடமில்லை.

நம் கவிஞர்களையும் விட்டுவிட முடியாது. இருளர் என்ற சொல் கிடைத்ததுமே இருட்டும் பாம்பும் படிமமாகிவிடுகின்றன. 1972 வனவிலங்குச் சட்டத்தால் அந்தப் பாம்புகளோடு அவர்கள் பிழைப்பும் போயிற்று. 1978இல் கூட்டுறவுச் சங்கம் வந்தபின், விஷம் எடுப்பதற்காக எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். படிமத்துக்குள் இந்த அனுமதிச் சீட்டு எங்கே இருக்கிறது?

நான் வங்கிக் குமாஸ்தா; இதில் எனக்கும் பங்குண்டு. மீட்கப்பட்ட ஒருவர் நிவாரணத் தொகைக்காகக் கணக்குத் தொடங்க வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. கைநாட்டு வாங்கினேன். தொகை வந்தபின், பதிவு போட்டுப் பாஸ் புத்தகத்தைக் கொடுத்தபோது வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ்ளோ கடன் எழுதிக்கீது சார்?”

“கடன் இல்லை. இது உங்கள் வரவு.”

“அப்போ யாருக்குக் குடுக்கணும்?”

அவர் பார்த்த கணக்குகளில் எழுதப்பட்டதெல்லாம் பற்று மட்டுமே. வரவு என்பதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று நான் யோசிப்பதற்குள், பின்னால் நின்றவர் தன் செலானை நீட்டிவிட்டார்.