எளிய ஆங்கிலத்தில் ஒரு வெள்ளை யானை

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கிறவர்களுக்கு அமெரிக்க இலக்கியத்திலிருந்து ஹெமிங்வேயை எடுத்துக் கொடுப்பவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: வாக்கியங்கள் குட்டை, சொற்கள் தெரிந்தவை. ஒரு பனுவல் எவ்வளவு கடினம் என்று அளக்கும் ஃபிளெஷ் சூத்திரமும் வாக்கிய நீளத்தையும் சொல்லில் உள்ள அசைகளையும்தான் எண்ணுகிறது. பொறியியல் படித்தவன் என்பதால் அளவுகோல்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால், பக்கத்தில் எழுதப்படாததை எந்தச் சூத்திரமும் எண்ணாது. 1927-இல் வந்த ‘ஹில்ஸ் லைக் வைட் எலிபன்ட்ஸ்’ அப்படி எழுதப்படாத விஷயத்தின் மேல் நிற்கிற கதை.

ஸ்பெயினில் எப்ரோ பள்ளத்தாக்கில் ஒரு ரயில் நிலையம். பார்சலோனாவிலிருந்து ரயில் வர இன்னும் 40 நிமிடம். ஓர் அமெரிக்கனும் ஜிக் என்ற இளம்பெண்ணும் பீர் குடித்தபடி பேசுகிறார்கள். கருவைக் கலைக்கச் சொல்லி அவன் அவளை நச்சரிக்கிறான். கருக்கலைப்பு என்ற சொல் கதையில் ஓரிடத்திலும் கிடையாது.

உங்களிடம் இதைச் சொல்லலாம், வகுப்பில் முன்கூட்டியே சொல்லக் கூடாது என்பது என் கட்சி. ஒரு கல்லூரியின் ஆயத்த வகுப்புக்குக் கொடுத்த குறிப்பேட்டைப் பார்த்தேன். முதல் வரியே ‘இது கருக்கலைப்பைப் பற்றிய கதை’. அப்புறம் கடினச் சொற்களுக்குப் பொருள், கருப்பொருள், படிப்பினை. மாணவர் செய்ய எதுவும் மிச்சமில்லை. ஆங்கிலம் சரியாக வராதவனுக்குக் குறிப்பறியவும் வராது என்று யாரோ முடிவு பண்ணிட்டாங்க. தேர்வு நெருக்கடி, நேரமில்லை என்பதெல்லாம் புரிகிறது. ஆனால் கதை மொத்தமே நாலைந்து பக்கம்தானே.

சனிக்கிழமைகளில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் நான்கு பேரும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். குறிப்பேடு இல்லாமல் கதையை மட்டும் கொடுத்தேன். பாதியில் ஒரு பெண் நிமிர்ந்து, “அண்ணே, இவ முழுகாம இருக்காளா?” என்றாள். எப்படித் தெரியும் என்றேன். “ஒண்ணுமே இல்ல, ஒண்ணுமே இல்லன்னு எத்தன தடவ சொல்றான் பாருங்க. எங்க வீட்டுலயும் பெரியவங்க இப்படித்தான் பேசுவாங்க.” அவள் பயன்படுத்திய சொல்லையே பாருங்கள். கர்ப்பத்தைக் கர்ப்பம் என்று சொல்லாமல் சொல்ல நம் பாட்டிகள் வைத்திருந்த சொல் அது. பேசாமல் விடப்பட்டதைக் கேட்கும் பயிற்சி இவர்களுக்கு வீட்டிலேயே கிடைத்திருக்கிறது.

தலைப்பும் அப்படித்தான். குறிப்பேடு ‘வெள்ளை யானை’க்குத் தனியாக ஒரு பத்தி ஒதுக்கி, செலவு மட்டும் வைக்கும் வேண்டாத பொருள் என்று விளக்குகிறது. இங்கே அந்த விளக்கமே தேவையில்லை. ஆளில்லாத கட்டடத்தை ‘காஜா பூத்தே’ என்று மலாய்ப் பத்திரிகைகள் எழுதுவதைப் பையன்கள் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறார்கள். அதே பையனுக்குத் தமிழில் வெள்ளை யானை என்றால் ஐராவதம். பாற்கடலைக் கடைந்தபோது வந்தது, இந்திரன் ஏறுவது. ஒரு மொழியில் சுமை, இன்னொன்றில் கிடைத்தற்கரியது. வயிற்றிலிருக்கும் குழந்தை அவனுக்கு எதுவாகவும் அவளுக்கு எதுவாகவும் படுகிறது என்பதை இந்த இரண்டு யானைகளுமே காட்டிவிடுகின்றன. மலைகள் யானை போல இருப்பதாகச் சொன்னவளே, பிறகு அப்படியொன்றும் இல்லை என்று பின்வாங்கும் இடம் எனக்கு அதற்குப் பிறகுதான் வலித்தது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த வாசகனிடம் ஐராவதம் இல்லை.

இன்னொன்றும் செய்து பார்த்தோம். உரையாடலைத் தமிழில் சொல்லச் சொன்னேன். ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே ‘யூ’. தமிழில் அது முடியாது. அவன் அவளை ‘நீ’ என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவள் அவனை ‘நீ’ என்பாளா, ‘நீங்க’ என்பாளா? அரை மணி நேரம் சண்டை. கடைசியில், ஆரம்பத்தில் ‘நீங்க’ என்றும், பேச்சை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சும் இடத்தில் ‘நீ’ என்றும் வைத்தார்கள். அந்தக் கெஞ்சல் கெஞ்சலே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

குறிப்பேட்டில் ஒரு வரிகூட இல்லாத விஷயம், ஜிக்குக்கு ஸ்பானிஷ் தெரியாது என்பது. மணித்திரையில் எழுதியிருப்பதை அவன்தான் படித்துச் சொல்கிறான். பீர் கேட்பதும் அவன்தான். ரயில் ஐந்து நிமிடத்தில் வரும் என்று கடைக்காரப் பெண் சொன்னதையும் அவன்தான் மாற்றிச் சொல்கிறான். எங்கள் மேசையில் இதைக் கண்டுபிடித்தவன் அதுவரை வாயே திறக்காத ஒரு பையன். “அவன் சரியாத்தான் சொல்றான்னு அவளுக்கு எப்படிண்ணே தெரியும்?” என்றான்.