போல்ட் எண்ணிக்கை பலம் சொல்லாது: பழைய பிக்கப்களின் பின் ஆக்சில்கள்

அமெரிக்காவில் பழைய பிக்கப் விற்பவர்களின் வாயில் ‘12 போல்ட்’ என்ற சொல் அடிக்கடி வரும். அதைச் சொன்னால் விலையும் கொஞ்சம் ஏறும். பத்தைவிடப் பன்னிரண்டு பெரிது, ஆகவே பலமும் கூடுதல் என்று வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார். டெக்சாஸில் இருக்கும் நண்பர் டிரெய்லர் இழுக்க ஒரு பழைய வண்டி தேடினார். அவருக்காக நான்கு பிக்கப்களுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். எழுந்தபோது எனக்கு உறுதியானது ஒன்றுதான்: போல்ட்டை எண்ணினால் ஆக்சிலின் பெயர் தெரியும், பலம் தெரியாது.

காரணம் எளிது. நாம் எண்ணுவது டிஃபரன்ஷியலின் பின்மூடியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை. அந்த மூடி ஆயிலைக் காக்கிறது, பாரத்தைச் சுமப்பதில்லை. பாரமும் முறுக்கும் உள்ளே இருக்கும் கிரவுன் வீல், பினியன், ஆக்சில் ஷாஃப்ட், ஹப் ஆகியவற்றின் மேல்தான் விழுகின்றன.

செவர்லே சி10: பத்தும் பன்னிரண்டும்

முதல் வண்டி 1978 மாடல் சி10. மூடியில் 12 போல்ட். கிரவுன் வீல் விட்டம் 8.875 அங்குலம். பக்கத்தில் நின்றது 1986 மாடல் சி10. மூடியில் 10 போல்ட். கிரவுன் வீல் 8.5 அங்குலம். இதுவரை பன்னிரண்டுக்கே வெற்றி. ஆனால் பினியன் தண்டைப் பாருங்கள். பிக்கப்புக்கான 12 போல்ட் ஆக்சிலில் அது 1.438 அங்குலம், 8.5 அங்குல 10 போல்ட்டில் 1.625 அங்குலம். சின்ன மூடிக்குள்தான் தடித்த பினியன் இருக்கிறது. 12 போல்ட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்தக் காலத்து வேகக் கார்களில் வந்த வகை. அதில் பினியன் தடிமன். பிக்கப்பில் வந்தது வேறு வகை.

இரண்டிலும் ஷாஃப்ட்டைப் பிடித்து நிறுத்துவது உள்ளே இருக்கும் ‘சி’ வடிவக் கிளிப்தான். ஷாஃப்ட் உடைந்தால் சக்கரத்தோடு சேர்ந்து வெளியே நழுவக்கூடும். ஆகவே இந்த இரண்டில் எதை எடுப்பது என்பதை எண்ணிக்கையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். உள்ளே எது தேயாமல் இருக்கிறதோ அதை எடுங்கள்.

ஃபோர்டு எஃப்-150: மூடியே இல்லாதது

மூன்றாவது 1985 மாடல் எஃப்-150. பின்னால் போய்ப் பார்த்தால் போல்ட்டே இல்லை. வழுவழுப்பான இரும்பு வயிறு மட்டும். 1957-இல் வந்து, 1986 வரை பிக்கப்பில் ஓடிய புகழ்பெற்ற 9 அங்குல ஆக்சிலின் அடையாளம் இதுதான். கிரவுன், பினியன் எல்லாம் ஒரே கட்டாக முன்பக்கமாகக் கழன்று வரும். 1983-இல் 8.8 அங்குல ஆக்சில் வந்துவிட்டதால், இடைப்பட்ட சில ஆண்டு வண்டிகளில் இரண்டில் எதுவும் இருக்கலாம். 8.8-க்குப் பின்னால் 10 போல்ட் மூடி உண்டு என்பதால் குழப்பம் வராது.

9 அங்குலத்தில் பினியனின் மூக்கை மூன்றாவது பேரிங் ஒன்று தாங்குகிறது. முறுக்கு ஏறும்போது பினியன் விலகாது. பினியன் கிரவுன் வீலின் மையத்துக்கு நன்றாகக் கீழே இறங்கி உட்காருவதால் பற்களின் பிடிப்பும் அதிகம். அதற்கு ஒரு விலையும் உண்டு. பற்கள் அதிகம் உரசும், சூடு கூடும், கொஞ்சம் சக்தி வீணாகும். பாரம் இழுப்பவருக்கு இது ஏற்கத்தக்க விலை.

செவர்லே சி30: ஹப் சொல்லும் உண்மை

நான்காவது 1983 மாடல் சி30. இதற்கு வண்டிக்கு அடியில் போகவே தேவையில்லை. சக்கரத்தின் நடுவிலிருந்து ஹப் கிண்ணம் கவிழ்த்தது போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் முகத்தில் வட்டமாக எட்டு போல்ட். இதுதான் ஃபுல் ஃப்ளோட்டிங். வண்டியின் எடையை ஆக்சில் குழாயின் மேல் உட்கார்ந்த ஹப்பும் அதன் இரண்டு பேரிங்குகளும் சுமக்கின்றன. ஷாஃப்ட்டுக்குச் சக்கரத்தைச் சுழற்றுவது மட்டுமே வேலை. அந்த எட்டு போல்ட்டைக் கழற்றினால் ஜாக்கி போடாமலே ஷாஃப்ட்டை உருவி எடுக்கலாம். ஷாஃப்ட் உடைந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. முதல் மூன்று வண்டிகளிலோ எடை, முறுக்கு இரண்டும் ஷாஃப்ட்டின் தலையில்தான்.

கிரவுன் வீல் 10.5 அங்குலம், இங்கும் பினியன் மூக்குக்குத் தனி பேரிங். மூடியில் 14 போல்ட். ஆனால் கவனம்: 9.5 அங்குலக் கிரவுன் கொண்ட இன்னொரு செவர்லே ஆக்சிலுக்கும் மூடியில் 14 போல்ட்தான். அது செமி ஃப்ளோட்டிங், அதாவது எடையும் ஷாஃப்ட்டின் மேல்தான். பெயர் ஒன்று, குணம் வேறு. நீட்டிய ஹப் இருக்கிறதா என்று பார்ப்பதே பிரித்தறியும் வழி. குறையும் சொல்லியாக வேண்டும். 10.5 மிகக் கனமானது. நடுவயிறு தாழ்வாகத் தொங்குவதால் கரடுமுரடான பாதையில் கல்லில் இடிக்கும்.

வாங்கும் முன் கையால் செய்ய வேண்டியவை

* செவர்லேயில் கையுறைப் பெட்டிக்குள் ஒட்டிய தாளைப் படியுங்கள். ஜிடி4 என்றால் கியர் விகிதம் 3.73, ஜியு6 என்றால் 3.42. ஜி80 என்றால், இரண்டு பின்சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் லாக்கர் உண்டு. ஃபோர்டு 8.8-இல் மூடி போல்ட் ஒன்றில் சின்னத் தகடு தொங்கும்; கம்பி பிரஷ்ஷால் துருவை எடுங்கள். ‘3எல்55’ என்றிருந்தால் விகிதம் 3.55, நடுவில் நிற்கும் ‘எல்’, ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப்பைக் குறிக்கும்.
* தாளும் தகடும் போயிருந்தால், முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி நியூட்ரலில் வையுங்கள். லாக்கரோ லிமிடெட் ஸ்லிப்போ இல்லாத சாதாரண டிஃபரன்ஷியலில் அந்தச் சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றும்போது புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம்.
* ஆயில் ஊற்றும் பிளக்கைக் கழற்றி விரலை விடுங்கள். சாம்பல் நிறக் குழம்பு பயப்பட வேண்டியதல்ல. விரலில் குத்தும் இரும்புச் சில்லு வந்தால் விலையைக் குறையுங்கள், அல்லது நகர்ந்துவிடுங்கள்.

முடிவு

தினமும் பாரம் இழுப்பவருக்கு 10.5 அங்குல ஃபுல் ஃப்ளோட்டிங்கே என் தேர்வு. பாரமும் ஓட்டமும் கலந்த வேலைக்கு 9 அங்குல ஃபோர்டு. வீட்டு உபயோகத்துக்குத் தேயாத 8.5 அங்குல 10 போல்ட் தாராளமாகப் போதும். நண்பர் சி30-ஐ எடுத்தார். அதன் ஆயிலில் விரல் விட்டபோது ஒரு சில்லுகூட வரவில்லை.