கூடவே இருக்கும் கள்வன்

 தமிழகத்திலும் ஆந்திரத்திலும் திரையில் கண்ணன் என்றால் என்.டி.ராமாராவ்தான். 'பால்டர்ஸ் கேட் 3' (2023) விளையாட்டில் நம் அணியிலேயே இருந்துகொண்டு நம்மைக் கலங்கடிக்கும் அஸ்டாரியனை ரசிப்பவர்கள், 'கர்ணன்' (1964) படத்தில் ராமாராவ் ஏற்ற கண்ணனைப் பார்க்க வேண்டும்.

அம்பு தைத்துக் கிடக்கிறான் கர்ணன். செய்த தர்மம் காப்பதால் உயிர் போகவில்லை. கிழ அந்தணனாக வந்து அந்தப் புண்ணியத்தையே யாசிக்கிறான் கண்ணன். நீருக்குப் பதில் குருதியைத் தாரை வார்க்கிறான் கர்ணன். வில்லிபுத்தூரார் பாரதத்திலும் உண்டு இந்தக் காட்சி. வாங்கிய பிறகுதான் கண்ணன் தன் சுயரூபம் காட்டுகிறான். பாண்டவர்களுக்கு இதைவிடப் பெரிய துணை இல்லை. ஆனாலும் அந்த ஏந்திய கையை என்னால் மன்னிக்க முடிவதில்லை.