எண்ணிக்கையும் அசைவும்

2025 மே மாதம் டோக்கியோவில் நடந்த க்ரஞ்ச்சிரோல் அனிமே விருது விழாவில் ‘சோலோ லெவலிங்’ ஒன்பது விருதுகளைப் பெற்றது. ஆண்டின் சிறந்த அனிமே என்ற விருதும் அதில் அடக்கம். அது ‘ஃப்ரீரெ’னுக்கே கிடைக்கும் என்று நம்பியிருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். உலகெங்கிலுமிருந்து 5 கோடிக்கு மேல் வாக்குகள் விழுந்ததாக விருது தரும் நிறுவனம் அறிவித்தது. 5 கோடிப் பேர் அல்ல. 5 கோடி வாக்குகள். பிரிவுகள் பல. ஒரே ஆள் ஒவ்வொரு பிரிவிலும், வாக்களிப்பு நடக்கும் நாட்களில் தினம் ஒரு முறை, வாக்களிக்கலாம். பகல் முழுவதும் வவுச்சர்களை எண்ணிப் பிழைக்கும் எனக்கு இந்த வித்தியாசம் உடனே கண்ணில் பட்டது. வவுச்சர்களின் எண்ணிக்கை வாடிக்கையாளர்களின் எண்ணிக்கை ஆகாது.

கொதித்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் கொதிப்பின் மீதே எனக்குப் பிறகு ஏற்பட்ட சந்தேகம்தான் இக்கட்டுரை.

சர்ச்சையின் இரு தரப்புகளும் நமக்குப் பழக்கமானவையே. இத்தனை பேருடைய ரசனை எப்படித் தவறாகும் என்பது ஒன்று. இத்தனை பேருக்குப் பிடித்துவிட்டதாலேயே அது மட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பது மற்றது. முதலாவது வியாபாரியின் தர்க்கம். இரண்டாவது அதே தர்க்கம், தலைகீழாக. இரண்டுக்கும் ஆதாரம் எண்ணிக்கைதான். சிறுபத்திரிகைக்காரர்களான நாம் இரண்டாவதை வெகு சுலபமாக நம்பிவிடுகிறோம். நூறு பிரதி விற்பது ஒரு தகுதி என்று நினைக்கப் பழகியவர்கள் நாம்.

சதி என்று சொல்பவர்களும் உண்டு. விருது தருவதும் படத்தைக் காட்டி சந்தா வசூலிப்பதும் ஒரே நிறுவனம். அது சோனியின் கையில் இருக்கிறது. ‘சோலோ லெவலிங்’கைத் தயாரித்த ஏ-1 பிக்சர்ஸும் அதே குழுமத்தைச் சேர்ந்தது. அதன் இரண்டாம் பருவம் வாக்களிப்புக்குச் சற்று முன்புதான் ஒளிபரப்பாகி முடிந்திருந்தது. இவையெல்லாம் உண்மை. ஆனால் ‘ஃப்ரீரெ’னும் அதே கடையில் கிடைத்த சரக்குதான். சதி என்று சொல்லிவிட்டால் ரசனையைப் பற்றி யோசிக்க வேண்டிய சிரமம் மிச்சமாகிறது. அதனாலேயே அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை.

இந்த விருதின் முதல் ஆண்டிலேயே இதே சண்டை நடந்தது. 2017ல், முந்தைய ஆண்டுப் படைப்புகளுக்கான முதல் விருதுகளில், ‘யூரி ஆன் ஐஸ்’ தான் போட்டியிட்ட ஏழு பிரிவுகளிலும் வென்றது. சிறந்த அனிமேஷன் விருதும் அதற்கே. பனிச்சறுக்கு நடனக் காட்சிகள் ஆரம்பத்தில் நேர்த்தியாக இருந்து பின்னால் தளர்ந்துபோயின என்பதை அதன் ரசிகர்களே மறுக்கமாட்டார்கள். அதே ஆண்டில் ‘மாப் சைக்கோ 100’ வந்திருந்தது. கண்ணாடியின் மேல் வண்ணத்தைப் பூசி, அழித்து, மறுபடி பூசி மியோ சாட்டோ உருவாக்கிய பகுதிகள் அதில் இருந்தன. அனிமேஷன் தெரிந்தவர்கள் கோபப்பட்டார்கள். நடுவர்களின் வாக்கும் பிற்பாடு கணக்கில் சேர்க்கப்பட்டது.

அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். இன்று வேறு மாதிரி தோன்றுகிறது. இரண்டு ஆண்களுக்கிடையிலான பிரியத்தைக் கேலியில்லாமல், கண்ணியத்துடன் காட்டிய ஒரு படைப்புக்கு மனிதர்கள் நன்றி சொல்ல விரும்பினார்கள். அவர்கள் முன்னால் இருந்தது ஒரு படிவம். அதில் நன்றி என்ற கட்டம் கிடையாது. அனிமேஷன் என்ற கட்டம் இருந்தது. எனவே நன்றியை அதில் வரவு வைத்தார்கள். எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியாத தொகையை நாங்கள் வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். அங்கே தொகை சரியாக இருக்கும். தலைப்பு பொய்யாக இருக்கும். வாக்களிப்பின் முடிவும் அப்படித்தான். மிகப் பிரியமானது எது என்பதற்கு அது சரியான விடை. கேட்கப்பட்ட கேள்வியோ வேறு.

அனிமேஷன் என்ற சொல்லே ஒரு சஸ்பென்ஸ் கணக்காக ஆகிவிட்டது என்பது அடுத்த விஷயம். ஜப்பானில் ஒருவர் முக்கிய அசைவுகளை வரைகிறார். வேறு சிலர் அவற்றுக்கு இடைப்பட்ட படங்களை வரைகிறார்கள். பின்னணி ஓவியம் தனி, வண்ணம் தனி. இவை அனைத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஒளியையும் மங்கலையும் புகையையும் சேர்ப்பது இன்னொரு பிரிவு. செல்லுலாய்ட் தாள்களை காமிராவுக்கு அடியில் வைத்து எடுத்த காலத்துப் பெயராலேயே இதை அவர்கள் இன்றும் படப்பிடிப்பு என்கிறார்கள். 2024லும் 2025லும் சிறந்த அனிமேஷன் விருதைப் பெற்ற ‘டீமன் ஸ்லேய’ரின் ஜொலிப்பில் பெரும் பங்கு இந்தக் கடைசிப் பிரிவினுடையது. அதைத் தயாரிக்கும் யுஃபோடேபிள் அந்த வேலையைத் தன் கூரைக்கடியிலேயே வைத்து வளர்த்திருக்கிறது. வெறும் ஜிகினா என்று அதை ஒதுக்குபவர்கள் ஒளியும் ஒரு கலைதான் என்பதை மறக்கிறார்கள். ஜொலிப்பே அசைவு என்று நினைப்பவர்கள் வரைந்த கையை மறக்கிறார்கள்.

1963 ஜனவரி 1 அன்று தெஸூகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஆரம்பித்தபோது வாரம் அரைமணி நேரம் என்ற கெடுவுக்கும் குறைந்த பணத்துக்கும் ஈடுகொடுக்க ஒரு வழி வேண்டியிருந்தது. விநாடிக்கு 24 சட்டங்கள். ஒரு படத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 8 படங்கள் போதும். உதட்டை மட்டும் அசைத்தால் இன்னும் மிச்சம். வறுமையில் பிறந்த இந்த முறையை வெறும் சிக்கனமாக விட்டுவிடாமல் ஒரு பாஷையாக்கியவர்கள் பின்னால் வந்தார்கள். யோஷினோரி கனதா போன்றவர்கள் இரண்டு நிலைகளுக்கு இடையே வேண்டுமென்றே படங்களை விட்டார்கள், உடம்பை முறுக்கினார்கள், ஒரே விநாடிக்குள் வேகத்தை மாற்றினார்கள். ஆக, படங்களின் எண்ணிக்கை அசைவின் தரத்துக்கு அளவுகோல் ஆகாது. இங்கும் எண்ணிக்கை நம்மைக் கைவிடுகிறது.

ரசிகர்களின் சண்டை கீழ்த்தரமாக ஆவது இந்த இடத்தில்தான். ‘நருட்டோ ஷிப்புடென்’ தொடரின் 167ஆவது பகுதி 2010ல் வந்தது. சண்டையின் உக்கிரத்தில் முகங்கள் ரப்பராக இழுபடுகின்றன, கோடுகள் உடைகின்றன. ஓடும் படத்தை நிறுத்தி, கோணலான ஒரு முகத்தைத் தனியே வெட்டியெடுத்து, ‘பார், இதுதான் உன் அனிமேஷன்’ என்று சிரித்தார்கள். நிறுத்திய பிறகு அது அனிமேஷனே அல்ல என்பது யாருக்கும் உறைக்கவில்லை. ஆலாபனையின் நடுவே பாடகரின் வாயைப் புகைப்படம் எடுத்து சங்கீதத்தை எடைபோடுவது போன்றது இது. 2007ல் ‘குர்ரென் லகா’னின் நான்காவது பகுதியை ஒஸாமு கொபயாஷி தன் சொந்தக் கோடுகளில் இயக்கியபோது, பாத்திரங்கள் முந்தைய வாரத்தைப் போல இல்லை என்று பெரும் கூச்சல் எழுந்தது. பதிலுக்கு ஸ்டூடியோ தரப்பிலிருந்து வந்த வார்த்தைகள் தடித்து, கடைசியில் தயாரிப்பாளர்களில் ஒருவரான தகாமி அகாய் விலக நேர்ந்தது. ரசிகன் கேட்டது அசைவை அல்ல, மாறாத முகத்தை. பொம்மைக் கடையில் கேட்க வேண்டியதைக் கலைஞனிடம் கேட்டான்.

வரைந்தவனின் பாடு எந்த வாக்கிலும் பதிவாவதில்லை. 2023ல் ‘ஜுஜுட்சு கைசெ’னின் இரண்டாம் பருவம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதை வரைந்தவர்களில் சிலர் அவகாசம் போதவில்லை என்று பகிரங்கமாக எழுதினார்கள். 2024ல் அதுவே ஆண்டின் சிறந்த அனிமே. கைதட்டியவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தரம் என்று நாம் கொண்டாடியது யாருடைய தூக்கம் என்ற கேள்வி அந்த மேடையில் கேட்க முடியாத கேள்வி.

வாக்களிப்பே கூடாது என்பதா என் கட்சி? இல்லை. ‘அனிமேஜ்’ பத்திரிகை 1979லிருந்து தன் வாசகர்களிடம் வாக்கு வாங்கி விருது தந்துவந்திருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து அனிமே பத்திரிகைகள் இன்னொரு காரியத்தையும் செய்தன. கனதா போன்றவர்களின் பெயரைச் சொல்லி, அவர்கள் வரைந்த பகுதிகளை வாசகனுக்கு அடையாளம் காட்டின. பள்ளிக்கூடப் பையன்கள் ஒரு வெடிப்பைப் பார்த்தே இது யார் கை என்று சொல்லக் கற்றார்கள். அசாதாரணமாக அசையும் பகுதிகளுக்கு ‘சகுகா’ என்ற சொல்லும் ரசிகர்களின் புழக்கத்தில் வந்தது. அதாவது எண்ணிக்கை கேட்பதற்குப் பக்கத்திலேயே பார்வையைக் கற்பிப்பதும் நடந்தது. இன்று முதலாவது கோடிகளாகப் பெருகிவிட்டது. இரண்டாவது ஒரு சிறு குழுவின் பெருமையாகச் சுருங்கிவிட்டது. அந்தக் குழுவும் பெயர்களை மந்திரம் போல உச்சரிக்கிறதே தவிர, கண்டதைச் சொல்வதில்லை.

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏப்ரலில் நானும் வாக்களித்தேன். சிறந்த அனிமேஷன் பிரிவில் இருந்தவற்றில் நான் பார்த்திருந்தது இரண்டே. ‘ஃப்ரீரெ’னுக்குப் போட்டேன். பார்க்காதவற்றைவிட அது சிறந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ‘யூரி’யின் ரசிகர்கள் செய்ததையேதான் நானும் செய்தேன். நன்றியைத் தவறான தலைப்பில் வரவு வைத்தேன். அவர்களுக்கு இல்லாத ஆணவம் மட்டும் எனக்கு உபரியாக இருந்தது.

இதை எனக்குக் காட்டியவன் என் அக்கா பையன். பதினோராம் வகுப்பு. மே விடுமுறைக்கு வந்திருந்தான். ‘சோலோ லெவலிங்’கைத் தமிழ்க் குரலில் முழுக்கப் பார்த்தவன். விருதுச் செய்தி வந்த அன்று நான் அவனிடம் ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். கேட்டுவிட்டு, “நீங்க பாத்தீங்களா மாமா?” என்றான். இல்லை என்றேன். “பாத்துட்டுப் பிடிக்கலைன்னு சொல்லுங்க மாமா. பாக்காமயே மட்டம்னு சொல்றீங்களே” என்றான். நான் வெகுஜனப் பத்திரிகைகளை நோக்கி எத்தனையோ முறை வீசிய வாக்கியம் அது. படிக்காமலே எங்களை ஒதுக்குகிறீர்கள் என்று.

இரவு அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். பாதாள மண்டபம் ஒன்றில் பிரும்மாண்டமான கற்சிலை. உயிர் இல்லாத கல் என்று நினைத்து மனிதர்கள் அதன் கீழே நிற்கிறார்கள். அதன் கண்கள் மட்டும் நகர்கின்றன. பையன் என் கையைப் பிடித்து, “அந்தக் கண்ணு நகந்ததைப் பாத்தீங்களா?” என்றான். பார்த்தேன். மற்ற அனைத்தையும் அசையாமல் நிறுத்தி, ஒரே ஒரு அசைவில் பயத்தைப் பிறப்பிப்பது. உதட்டை மட்டும் அசைத்துக் காசை மிச்சம் பிடித்த அந்தப் பழைய பஞ்சகாலத்து வித்தை இங்கே பயமாக மாறியிருக்கிறது. என் வாக்குச் சீட்டில் இல்லாத ஒன்றை அவன் கண்டிருந்தான்.

என் தீர்ப்பு மாறிவிடவில்லை. ‘ஃப்ரீரெ’னின் பதினைந்தாவது பகுதியில் ஃபெர்னும் ஸ்டார்க்கும் ஒரு பிரபுவின் மாளிகையில் ஆடுகிறார்கள். எதிரி இல்லை, மின்னல் இல்லை. உடம்பின் திருப்பத்தை ஆடை பின்தொடர்கிறது. கூச்சம் மெல்ல நம்பிக்கையாகிறது. பேசினால் சண்டை போட்டுக்கொள்ளும் இருவர் பேசாமல் செய்துகொள்ளும் சமாதானத்தை அசைவே சொல்லிவிடுகிறது. ‘சோலோ லெவலிங்’கில் அந்தக் கண்களுக்குப் பிறகு அசைவு பலத்தின் விளம்பரமாக மட்டுமே போய்விடுவதாக எனக்குப் படுகிறது. மனிதர்களுக்கு இடையே நிகழ்வதைக் காட்ட அது அங்கே பயன்படுவதில்லை. இப்படிச் சொல்வதற்கு இப்போது எனக்குக் கொஞ்சம் பாத்தியதை இருக்கிறது. அவன் இதை மறுக்கலாம். மறுத்தான். மறுப்பதற்கு அவனும் திரையைத்தான் காட்டினான், 5 கோடியை அல்ல.

விமர்சனத்தின் குறைந்தபட்சக் கடமை இதுவென்று நினைக்கிறேன்: எது நகர்ந்தது, எப்படி நகர்ந்தது என்று சொல்வது. அதை நாம் செய்யாத இடத்தில் வாக்குப்பெட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது. பெட்டியைத் திட்டிப் பயனில்லை.