எழுவாய் இல்லாத ஒழுங்கு

வடசீனத்தின் தியான்ஜின் நகரில் 1860 முதல் பிரிட்டனுக்கென்று ஒரு 'கன்செஷன்' இருந்தது. சலுகை என்று பெயர். யார் யாருக்குச் செய்த சலுகை என்று கேட்கக்கூடாது. அங்கே நிர்வாகமும் போலீசும் பிரிட்டனுடையவை. 1937 ஜூலையில் ஜப்பானியப் படை நகரத்தைப் பிடித்த பிறகும் இந்தத் துண்டு நிலம் அதன் கைக்கு வரவில்லை. 1939 ஏப்ரல் 9ஆம் தேதி, ஜப்பானியரோடு ஒத்துழைத்த சுங்க அதிகாரி செங் ஷீகெங் அங்கிருந்த தியேட்டரில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரிட்டிஷ் போலீஸ் நான்கு சீனர்களைப் பிடித்தது. விசாரணைக்கென்று ஜப்பானியரிடம் கொடுத்துத் திரும்ப வாங்கியது. ஒரேயடியாக ஒப்படைக்க மறுத்ததும், ஜூன் 14இல் முற்றுகை.

தடுப்புகளில் பிரிட்டிஷ்காரர்களை ஆடை களைந்து சோதித்தார்கள். லண்டன் பத்திரிகைகள் கொதித்தன. வெள்ளை உடம்பின் அவமானம் தலைப்புச் செய்தியாயிற்று. நால்வர் உடம்பின் மீதான சித்திரவதையோ 'சாட்சியம் செல்லுமா' என்ற கேள்வியாகச் சுருங்கிப்போனது.

ஜூலை 24இல் அரிட்டா-கிரெய்கி உடன்பாடு வெளியானது. பிரிட்டனின் சரணாகதி என்று இதைச் சொல்வது வழக்கம். எனக்கு இதன் இலக்கணம்தான் முக்கியமாகப் படுகிறது. பெரிய அளவில் சண்டை 'நடந்துகொண்டிருக்கும்' நிலைமையை பிரிட்டன் அங்கீகரிக்கிறது. மழை பெய்கிற மாதிரி சண்டை நடக்கிறது. படையெடுத்தது யாருன்னு கேட்டால் எழுவாய் கிடையாது. ஜப்பானியப் படைக்கோ தன் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று தனித் தேவைகள் உண்டாம். எதிரிக்கு உதவுகிற செயல்களை அது ஒடுக்கவேண்டியிருக்கிறதாம். அந்த எதிரி யார்? அந்த மண்ணின் ஜனங்கள். சீனா இந்தப் பிரதியில் ஏழாம் வேற்றுமையில் மட்டுமே வருகிறது: சீனாவில், சீனாவில். அது ஒரு இடம், அவ்வளவுதான்.

நால்வரைக் காப்பாற்ற பிரிட்டன் கொஞ்சமாவது முயன்றதே என்பார்கள். முயன்றது உண்மை. ஆனால் அது காக்க நின்றது தன் போலீசின் எல்லையை. அந்நியப் போலீஸ் அங்கே எதற்கு என்ற கேள்வியை இரு தரப்புமே எழுப்பவில்லை, எழுப்பவும் முடியாது. தகராறு இரண்டு ஒழுங்குகளுக்கிடையே; உடன்பாடும் அவற்றுக்கிடையேதான்.

அந்த ஆண்டே நால்வரும் ஜப்பானியர் பிடியிலிருந்த நீதிமன்றத்திடம் கையளிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். முற்றுகை 1940 ஜூனில்தான் நீங்கியது. 1943 ஜனவரியில் பிரிட்டன் தன் கன்செஷன்களைச் சீனாவுக்குத் திருப்பித் தருவதாக ஒப்பந்தம் போட்டது. அப்போது அவை ஜப்பான் கையில். இல்லாததைக் கொடுப்பதில் சிரமமென்ன? நால்வரைக் குறிக்க மட்டும் அந்த ஜூலைப் பிரதிக்கு ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை. 'செயல்கள், காரணங்கள்' என்பதற்குள்ளேயே அவர்களும் அடங்கிவிட்டார்கள்.